8 லட்சம் பாட், 90 நாள், பக்கத்து வீட்டுச் சாவு: தாய்லாந்தில் ஓய்வுக்காலம், வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே குழப்பத்தில் பிறந்தவை. விசா நீட்டிப்பு, மறுநுழைவு அனுமதி, 90 நாள் அறிக்கை (90 நாளுக்கு ஒருமுறை இமிக்ரேஷனுக்கு உங்கள் முகவரியைத் தெரிவிப்பது), முகவரித் தகவல் (டிஎம்30) ஆகிய நான்கும் தனித்தனி வேலைகள். ஒன்றை முடித்தால் மற்றது தானாக முடிந்துவிடாது.

கேள்வி: ஓய்வுக்கால நீட்டிப்பு ஒரு வருடத்துக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வரலாமா?

பதில்: போகலாம், ஆனால் மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். அது இல்லாமல் எல்லையைத் தாண்டினால் உங்கள் நீட்டிப்பு அந்த நிமிடமே ரத்து. திரும்பி வரும்போது சுற்றுலாப் பயணியாகத்தான் நுழைவீர்கள், எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். ஒரு தடவைக்கான அனுமதி 1,000 பாட், பல தடவைக்கு 3,800. வருடத்தில் நான்கு முறை போய்வருபவர் என்றால் இரண்டாவதுதான் லாபம். சுவர்ணபூமி விமான நிலையத்திலும் இதற்கு ஒரு கவுண்டர் உண்டு. இருந்தாலும் விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் அங்கே வரிசையில் நிற்பதைவிட, முன்கூட்டியே உள்ளூர் இமிக்ரேஷன் அலுவலகத்தில் முடித்துவிடுவது நல்லது. திரும்பி வந்த நாளில் இருந்து 90 நாள் கணக்கும் புதிதாகத் தொடங்கும்.

கேள்வி: நீட்டிப்புக்கு வங்கியில் காட்ட வேண்டிய 8 லட்சம் பாட் என்னிடம் இல்லை. ஒரு ஏஜென்ட் "பணத்தை நாங்களே போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார். பலர் இப்படித்தான் செய்கிறார்களாமே?

பதில்: செய்கிறார்கள். அதற்காக அது சரியாகிவிடாது. வேண்டாம் என்பதுதான் என் பதில். விதி என்ன சொல்கிறதென்று பாருங்கள். விண்ணப்பிப்பதற்கு முன் 2 மாதம் உங்கள் பெயரில் தாய் வங்கியில் 8 லட்சம் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பின் 3 மாதம் அதே தொகை தொடர வேண்டும். அதன் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. ஏஜென்ட் பணம் வேலை முடிந்ததும் வெளியே போய்விடும். அடுத்த வருடம் அதிகாரி பாஸ்புக்கைப் புரட்டினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், ஏஜென்ட் அல்ல.

வேறு வழிகளும் உண்டு. மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம். இல்லையென்றால் வங்கியில் உள்ள தொகையும் வருட வருமானமும் சேர்ந்து 8 லட்சம் ஆனாலும் போதும். முன்பெல்லாம் தூதரகத்தில் ஒரு வருமானக் கடிதம் வாங்கிக்கொண்டு போவார்கள். 2019 முதல் அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் அதைத் தருவதில்லை. எனவே அந்த நாட்டவர்கள் வெளிநாட்டில் இருந்து மாதாமாதம் வந்த பணத்தை வங்கிப் பதிவாகவே காட்ட வேண்டியிருக்கிறது. பாஸ்புக்கில் அது வெளிநாட்டுப் பணம் என்று தெரியும்படி பதிவாகிறதா என்று முதல் மாதமே பார்த்துவிடுங்கள். சில பணம் அனுப்பும் செயலிகள் உள்ளூர்க் கணக்கு வழியாகப் போடுவதால் உள்ளூர்ப் பணம் போலத் தெரியும். பன்னிரண்டாவது மாதத்தில் இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

விண்ணப்பிக்கும் அன்று காலையில் பாஸ்புக்கைப் புதுப்பித்து, வங்கிக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். கட்டணம் 1,900 பாட்.

கேள்வி: 90 நாள் அறிக்கை ஒரு வாரம் தாமதமாகிவிட்டது. வீட்டுக்காரர் டிஎம்30 பதிவு செய்ய மறுக்கிறார். நாடு கடத்திவிடுவார்களா?

பதில்: பயப்படாதீர்கள். குறித்த தேதிக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம் உண்டு. அதையும் தாண்டி நீங்களாகவே போனால் 2,000 பாட் அபராதம் கட்டிவிட்டு வரலாம். விசா காலம் முடிந்தும் தங்குவதுதான் பெரிய சிக்கல். நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. அப்படிக் கூடுதலாகத் தங்குவது 90 நாளைத் தாண்டினால் மறுபடி உள்ளே வர முடியாதபடி தடையும் விழும்.

டிஎம்30 என்பது வெளிநாட்டவர் ஒருவர் தங்கியிருப்பதை 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது. சட்டப்படி அது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் அது இல்லாவிட்டால் நின்றுபோவது உங்கள் விண்ணப்பம்தான். வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பதிவேட்டின் நகல், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு நீங்களே போய்ப் பதிவு செய்ய முடியுமா என்று உங்கள் இமிக்ரேஷன் அலுவலகத்தில் கேளுங்கள். நடைமுறை அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். சியாங் மாயில் சரி என்றது ஹுவா ஹின்னில் செல்லாமல் போகலாம்.

கேள்வி: வாடகை ஒப்பந்தம் முடியும் ஆண்டு 2572 என்று இருக்கிறது. தவறா?

பதில்: பௌத்த ஆண்டு. 543-ஐக் கழியுங்கள், 2029. ஆனால் 3 வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தை நில அலுவலகத்தில் பதிவு செய்யாவிட்டால், அது 3 வருடத்துக்குத்தான் செல்லும்.

கேள்வி: தாய் மனைவி பெயரில் நிலம் வாங்கி, என் சேமிப்பில் வீடு கட்டினோம். அவள் எனக்கு முன்னால் போய்விட்டால்?

பதில்: கேட்கத் தயங்கும் கேள்வி இது, கேட்டது நல்லதே. வெளிநாட்டவர் நிலத்துக்குச் சொந்தக்காரராக முடியாது. வாங்கும்போதே, பணம் மனைவியின் தனிச்சொத்து என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். வாரிசாக நிலம் உங்களிடம் வந்தாலும், நடைமுறையில் அதிகபட்சம் ஒரு வருடத்துக்குள் விற்றாக வேண்டும். ஆயுள் முழுதும் குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை நிலப் பத்திரத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் கணவன் மனைவிக்கிடையே நடக்கும் ஒப்பந்தத்தைத் திருமணம் நீடிக்கும்போதே ரத்து செய்ய சிவில் சட்டத்தின் 1469-ஆம் பிரிவு இடம் தருகிறது, அதனால் சில நில அலுவலகங்கள் பதியவே மறுக்கும். உங்கள் நிலையில் இருவரும் தாய் சட்டப்படி உயில் எழுதி வையுங்கள், வழக்கறிஞர் மூலமாக. மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஒற்றையாக இருப்பவர்களுக்கு கோண்டோ, அதாவது அடுக்குமாடிக் கட்டிடத்தில் ஒரு வீடு, வாங்குவதுதான் எளிது. ஒரு கட்டிடத்தின் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தாத்தா இறந்துவிட்டார். மூன்று இரவு பிக்குகள் ஓதுவார்களாம், வரச் சொன்னார்கள். மொழி தெரியாது. போகாவிட்டால் தவறா?

பதில்: போங்கள். ஒரு இரவாவது போங்கள். கிராமத்தில் கல்யாணத்துக்கு வராதவரை மன்னித்துவிடுவார்கள், சாவுக்கு வராதவரை நினைவில் வைத்திருப்பார்கள். கறுப்பு அல்லது வெள்ளை உடை போதும். வெள்ளைக் கவரில் பணம் வைத்து, வெளியே உங்கள் பெயரை எழுதுங்கள். எவ்வளவு வைப்பது என்று பக்கத்து வீட்டாரைக் கேட்டு, அவர்கள் வைக்கும் அளவே வையுங்கள். அதிகம் வைப்பதில் பெருமை இல்லை, அவர்களைச் சங்கடப்படுத்தும். சவப்பெட்டி முன் ஒரே ஒரு ஊதுபத்திதான், புத்தருக்குத்தான் மூன்று. உட்காரும்போது கால்களை பிக்குகள் பக்கம் நீட்டாமல் ஒரு பக்கமாக மடித்துக்கொள்ளுங்கள். ஓதும்போது மற்றவர்கள் கை கூப்பினால் நீங்களும் கூப்புங்கள். பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது. சாப்பாடு தருவார்கள், சாப்பிட்டுவிட்டே வாருங்கள். நம் ஊர் துக்க வீடு போல அங்கே அழுகை அவ்வளவு கேட்காது. சீட்டாட்டம்கூட நடக்கலாம். பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

கேள்வி: கோயில் பள்ளியில் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லித்தர ஆசை. சம்பளம் வாங்கப் போவதில்லையே?

பதில்: சம்பளம் இல்லாவிட்டாலும் அதை வேலையாகத்தான் பார்ப்பார்கள். ஓய்வுக்கால நீட்டிப்பில் இருப்பவருக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. பள்ளி தன் பெயரில் உங்களுக்கு வேறு விசாவும் பணி அனுமதியும் எடுத்துத் தரத் தயாரா என்று முதலில் கேளுங்கள். தயார் என்றால் போங்கள். "யார் கேட்கப் போகிறார்கள்" என்று சொன்னால் மரியாதையாக மறுத்துவிட்டு, புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள்.