தஞ்சோங் மாலிமில் இருந்துகொண்டு வானியல் செய்ய முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. புனேயில் முனைவர் பட்டம் முடியும் தறுவாயில் இருக்கிறீர்கள். கேலக்சிகளில் இருக்கும் ஹைட்ரஜன் வாயுதான் ஆய்வு. கோலாலம்பூர் (கே.எல்.) பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆய்வு வேலை கைக்கு வந்திருக்கிறது. வருடம் பூரா மேகம், பெரிய தொலைநோக்கியும் கிடையாது, அங்கே ஒரு வானியல்காரன் காலையில் எழுந்து என்னதான் செய்வான்? கே.எல்.லில் தங்குவதா, நான் இருப்பது மாதிரி தோட்டப்புற ஊரில் தங்குவதா? இவ்வளவுதானே?

வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் தொலைநோக்கியைப் பற்றி மூன்று முறை கேட்ட நீங்கள், கூட வேலை செய்யப்போவது யார் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

வானத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தஞ்சோங் மாலிம் கே.எல்.லுக்கு வடக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர், பேராக்கும் சிலாங்கூரும் தொட்டுக்கொள்ளும் இடம். நடுவில் பெர்ணம் ஆறு. துருவ நட்சத்திரம் இங்கே ஐந்து டிகிரிகூட எழும்பாது. மறைக்க ஒரு செம்பனை மரம் போதும். 2009இல் வந்தேன், இன்றுவரை இங்கிருந்து அதைப் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக ஏப்ரல், மே மாத ராத்திரிகளில் தென் சிலுவை தெற்கே நன்றாக ஏறி நிற்கும், மேகம் விட்டால். மத்தியானம் வெயில், சாயங்காலம் இடி மழை, ராத்திரி மேகம் என்பதுதான் பாதி நாளின் கதை. சுமத்ராவில் காடு எரிகிற வருடங்களில் புகைமூட்டம் வேறு. 2015இல் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். லங்காவித் தீவில் ஒரு தேசிய வானாய்வகம் இருக்கிறது, சிறியது. அண்டை நாடான தாய்லாந்து டோய் இந்தனோன் மலையில் 2.4 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கிறது. நம் தமிழ்நாட்டுக் காவலூரில் இருப்பது 2.34 மீட்டர். அந்த வரிசையில் இந்த நாட்டில் எதுவும் இல்லை. சரி, இல்லை. அதனால் உங்களுக்கு என்ன குறைந்துவிட்டது? நாராயண்காவ் பக்கம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் 30 கிண்ணங்கள் நிற்கின்றன. நீங்கள் அதில் எந்தத் திருகைத் திருகினீர்கள்? விண்ணப்பம் போட்டீர்கள், நேரம் கொடுத்தார்கள், தரவு உங்கள் கணினிக்கு வந்தது. இங்கிருந்தும் அதே விண்ணப்பம்தான், ஜனவரியிலும் ஜூலையிலும் அதே கெடுதான். என்ன, ஜனவரிக் கெடுவும் தைப்பூசமும் சில வருடம் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

இங்கே வருவதில் ஒரு லாபம் இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கடிகாரம். மலேசியாவின் மணி இந்தியாவுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இதே மணி. சீனாவுக்கும் இதே மணி. உங்கள் ஹைட்ரஜனைத் தென் வானத்தின் பெரும்பகுதியில் தேடுகிற வாலபி கணக்கெடுப்பு நடப்பது மேற்கு ஆஸ்திரேலியாவில், ஆஸ்காப் ரேடியோ தொலைநோக்கியின் 36 கிண்ணங்களில். எஸ்கேஏ என்ற பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கியின் தாழ் அதிர்வெண் பகுதி எழும்புவதும் அங்கேதான். சீனாவின் குய்ச்சோ மலைப் பள்ளத்தில் 500 மீட்டர் அகல ஃபாஸ்ட் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. உங்கள் துறை ஆட்களில் நிறையப் பேர் காலை ஒன்பதுக்கு நாற்காலியில் உட்காரும்போது நீங்களும் உட்காருவீர்கள். கலிபோர்னியாக்காரர்களோடு எட்டு வருடம் கூட்டாக வேலை செய்த என்னைக் கேளுங்கள், இதன் அருமை தெரியும். அங்கே பகல் பன்னிரண்டு என்றால், குளிர்காலத்தில் இங்கே விடியற்காலை நாலு.

அதனால் அந்தப் பேராசிரியருக்கு எழுதும்போது, 'பெர்த்தில் உங்களுக்கு யாரோடு பழக்கம், கடைசியாகச் சேர்ந்து எழுதிய கட்டுரை எது' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள். இங்கே வானியற்பியல் ஆட்கள் கொஞ்சம். ஒரு துறையில் மூன்று பேர் இருந்தால் அதுவே கூட்டம். ஒருவர் கருந்துளை, ஒருவர் சூரியன், மூன்றாமவர் பிறைக் கணிப்பு என்று இருப்பார்கள். சாப்பாட்டு மேசையில் உங்கள் வரைபடத்தைப் பார்த்து 'இந்தப் புடைப்பு தப்பு' என்று சொல்ல ஆள் இருக்காது. புனேயில் அது தண்ணீர் மாதிரி கிடைத்திருக்கும், அருமை தெரிந்திருக்காது. முதல் இரண்டு வருடம் எனக்கு மேகம் உறைக்கவில்லை, இதுதான் உறைத்தது.

இனி ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாள் கொமுட்டர் ரயிலில் கே.எல். போகிறேன், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் போடும் ஆர்க்கைவ் இணையதளத்தில் புதுக் கட்டுரைகளின் பட்டியல் இங்கே காலை எட்டு மணிக்கு விழும், அமெரிக்கக் குளிர்காலத்தில் ஒன்பதுக்கு. ரவாங் பக்கம் வண்டி போகும்போது பட்டியலைத் திறந்தால் கே.எல். வருவதற்குள் தலைப்புகளை மேய்ந்துவிடலாம். படிக்க வேண்டியது இரண்டு இருக்கும், வயிற்றெரிச்சலைக் கிளப்புவது ஒன்று இருக்கும். அப்புறம் வகுப்பு. பொறியியல் பிள்ளைகளுக்கு முதலாண்டு இயந்திரவியல், நூற்றுச் சொச்சம் பேர். வானியற்பியல் விருப்பப் பாடத்துக்குப் பதினோரு பேர். மத்தியானம் மெசுவாராட், அதாவது கூட்டம். மலாயில்தான் நடக்கும். உங்களுக்காக முதல் பத்து நிமிடம் ஆங்கிலம் பேசுவார்கள், பிறகு தானாக மலாய்க்கு நழுவிவிடும். ஆறு மாதத்தில் மலாய் கற்றுக்கொள்ளுங்கள், கஷ்டமில்லை. மிச்ச நேரம் பைதான் நிரல், மாணவர் ஆய்வேடு, அந்தப் பாழாய்ப்போன கேபிஐ படிவம், அதாவது வேலைத்திறன் கணக்கு. வருடத்துக்கு இத்தனை கட்டுரை, இந்தத் தரத்து இதழில் என்று எண்ணுவார்கள். எம்.என்.ஆர்.ஏ.எஸ். என்ற வானியல் இதழ் 2024 முதல் யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த இதழாகி, வெளியிடக் கட்டணம் வாங்குகிறது. அந்தக் கட்டணம் யார் தலையில் என்று வேலை ஏற்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை, ஒரு கட்டுரை ஏழு மாதம் தூங்கியது.

கையில் அழுக்கு படுகிற வேலை வேண்டுமென்றால் அதுவும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் நாலு மாணவர்களும் வீட்டுக்குப் பின்னால் செம்பனை ஓரத்தில் ஒரு கூம்பு அலைவாங்கி செய்தோம். அலுமினியத் தாள் ஒட்டிய காப்புப் பலகை நாலு, அடியில் பெயின்ட் டின் ஒன்று, டின்னுக்குள் ஐந்து சென்டிமீட்டர் செம்புக் கம்பி. கணினியில் செருகுகிற சின்ன ரேடியோ ஏற்பி ஒன்று. பால்வீதியின் ஹைட்ரஜன் 1420.4 மெகாஹெர்ட்சில் பேசுவது உங்களுக்குத் தெரியும். மேகம் அதைத் தடுக்காது, அதுதான் இந்த ஊருக்கு அது தோதுப்படக் காரணம். முதல் ராத்திரி வெறும் இரைச்சல். இரண்டாம் ராத்திரி, தூறலில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறோம், தனுசு ராசிப் பக்கம் பால்வீதி உச்சிக்கு ஏறும்போது கோட்டில் ஒரு மேடு தட்டியது. வாயுவின் வேகம் வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் மாறினால் அதன் அதிர்வெண் 4.7 கிலோஹெர்ட்ஸ் நகரும் என்று கணக்குப் போட்டு, மேட்டின் இரண்டு தோள்களுக்கும் வேகம் எழுதினோம். சுங்காய் பக்கத்துப் பையன் ஒருவன், அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார், 'சார், இது நெசமாவே வெளியிலேர்ந்து வருதா?' என்று நாலு தடவை கேட்டான். அலைவாங்கியைத் தரைப் பக்கம் திருப்பினோம், மேடு போய்விட்டது. திரும்ப மேலே திருப்பினோம், வந்துவிட்டது. அப்புறம்தான் நம்பினான். ஐந்தாம் வாரம் இடி விழுந்து ஏற்பி கருகியது. கம்பியைக் கழற்றி வைக்காதது என் தப்பு. இந்த நாட்டில் இடி மின்னலை வைத்துத்தான் எதையும் கட்ட வேண்டும். இப்போது நிற்பது இரண்டாவது கூம்பு, அதன் ஒரு பலகையைக் குரங்கு பிய்த்திருக்கிறது.

ஊரைப் பற்றி. இங்கே சுற்றுவட்டாரமே ஒரு காலத்தில் ரப்பர், இங்கத்துப் பேச்சில் கித்தா. இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டங்களில் லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், குறைந்து ஆட்கள் டவுனுக்கு வந்துவிட்டார்கள். என் மனைவி அப்படி வந்த குடும்பம். என் மாமியார் முப்பது வருடம் மரம் வெட்டியவர்கள், அதாவது பால் எடுத்தவர்கள். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நிற்காமல் ஒழுகும், வெயில் ஏறினால் சுண்டிவிடும். அதனால் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், பெயர் வாசிப்பார்கள். அந்தப் பழக்கம் விடவில்லை, இன்றும் நாலு மணிக்கு எழுந்துவிடுவார்கள். கலிபோர்னியாக் கூட்டம் உள்ள நாட்களில் நானும் அந்நேரம் அடுப்படியில்தான் இருப்பேன். எனக்குக் காப்பி நீட்டிவிட்டு, 'இன்னிக்கு என்ன கெடைச்சிச்சு?' என்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் கிடைத்திருக்காது.

ஒரு நாள் அவர்களே சொன்னார்கள். மூத்த மகன் பிறந்த வருடம், 1975 தீபாவளி, எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தண்ணீர் இறைக்கும்போது ஆலைக்கு மேலே விடிவெள்ளி விளக்கு மாதிரி நின்றதாம். மறு வருடம் தேடினால் இல்லையாம். நான் ஸ்டெல்லாரியம் என்ற வான்வரைபட நிரலைத் திறந்து பார்த்தேன். அந்த நவம்பரில் வெள்ளி சூரியனை விட்டு ஏறக்குறைய அதன் முழுத் தூரமும் விலகி, கிழக்கே கொழுத்துப்போய் நிற்கிறது. பெரட்டு நேரத்துக்கு எத்தனை உயரம் என்று கையால் கணக்குப் போட்டேன், அவர்கள் சொன்னதோடு அரை மணி நேரம் இடித்தது. கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது: 1982 ஜனவரி 1இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அவர்களுடைய ஐந்து மணி என்னுடைய ஐந்து மணி இல்லை. திருத்தியதும் பொருந்தியது. வெள்ளி 584 நாளுக்கு ஒரு சுற்று, ஐந்து சுற்று சேர்ந்தால் எட்டு வருடத்துக்கு இரண்டே நாள் குறைவு. 83, 91, 99, 2007, 2015, 2023 என்று எல்லாத் தீபாவளிக்கும் விடியலில் அது நிற்கும். சொன்னேன். 'நடுவுல உள்ள வருஷமெல்லாம் எங்க போவும்?' என்றார்கள். அதற்கு ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு மெழுகுவர்த்தியும் தேவைப்பட்டது, நானும் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதம்.

இந்த 'வெள்ளி'யில் ஒரு சங்கடம் உண்டு, வந்ததும் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே ரிங்கிட்டும் வெள்ளிதான். தமிழ்ப்பள்ளியில் பேசப் போனபோது, 'வெள்ளியின் எடை எவ்வளவு' என்று ஆரம்பித்தேன், முன்வரிசைப் பையன் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தான். 'பசியாறிட்டீங்களா' என்று கேட்டால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். வானியல்காரர் என்றதும் பத்துக்கு ஏழு பேர் ஜாதகம் கேட்பார்கள். முதலில் கோபப்பட்டேன், இப்போதெல்லாம் படுவதில்லை. கிரகண நேரத்தைக் கோவில் செயலாளர் என்னிடம் கேட்டுத்தான் நடையைச் சாத்துகிறார். 2019 டிசம்பர் 26இல் வளையக் கிரகணம் கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியே வந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஜோகூரின் தென்முனையைத் தொட்டது. நாங்கள் ஒரு வேன் பிடித்து அங்கே போனோம். மேகத்துக்குள்தான் பார்த்தோம்.

பணம் பற்றி ஒன்றே ஒன்று. ஒரு வருடத்தில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வரிக் கணக்கில் நீங்கள் இந்நாட்டுக் குடியிருப்பாளர் இல்லை, சம்பளத்தில் 30 சதவீதம் போகும். ஜூலை முதல் வாரத்துக்கு மேல் வந்தால் முதல் சில மாதம் கை கடிக்கும். அடுத்த வருடத்துத் தங்கலோடு தொடர்ச்சியாகக் காட்டினால் திரும்பக் கேட்க வழி உண்டு, அதற்குப் பாஸ்போர்ட் முத்திரைகளையும் பயணச் சீட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கே தங்குவது? முதல் ஆறு மாதம் வளாகத்துக்குப் பக்கத்தில் இருங்கள், பேசுவதற்கு ஆள் பிடியுங்கள். அப்புறமும் தோட்டப்புற ஆசை போகவில்லை என்றால் இங்கே வாருங்கள், வாடகை குறைவு, மீன் சந்தை நல்லது, கடைத்தெருவில் தமிழிலேயே காலம் தள்ளலாம். ஆனால் கடைசி ரயிலை விட்டால் கிராப் வாடகை வண்டிக்கு அழ வேண்டும். மழையில் இணையம் போகும், அதுவும் சரியாகக் கூட்டம் நடக்கும்போது.

அந்தப் பேராசிரியர் பெர்த்தைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். வீடு விசாரிக்க எனக்கு ஒரு வாரம் வேண்டும். தைப்பூச வாரம் மட்டும் கேட்காதீர்கள், இங்கே ஒருவரும் போன் எடுக்க மாட்டார்கள்.