சீரியல் பார்ப்பதால் பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனநலம் கெடுமா?

13, 14 வயதுப் பிள்ளைகள் தினமும் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதால் அவர்களுடைய மனநலம் பாதிக்கப்படுமா, வீட்டில் அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மனநல மருத்துவர் இல்லை. கோலாலம்பூரில், செந்தூலில் வசிக்கும் ஒரு தாய். கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். என் மகள் படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பில், சேர்ந்த ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தும், அதன் பிறகு தேடிப் படித்ததை வைத்தும்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சியில் இரண்டு தொடர்களாவது ஓடும். மாமியார், நான், மகள் என மூன்று தலைமுறையும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்போம். அவள் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில், இருபது பேர்கூட இல்லாத வகுப்பில் படித்தவள். அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, டியூஷனுக்குப் போகமாட்டேன் என்றாள். நான் அதட்டினேன். "நான் இல்லாமப் போனாத்தான் உங்க எல்லாருக்கும் புரியும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சமையலறையில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிராமலேயே, "நேத்து ராத்திரி அந்தச் சின்ன மருமக சொன்னதை அப்படியே சொல்லுது பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியின் ஆலோசக ஆசிரியை அழைத்தார். மகள் ஓய்வு நேரத்தில் கேண்டீனுக்கு வருவதே இல்லை, கழிப்பறையில் போய் இருந்துகொள்கிறாள் என்றார். அவளிடம் சுற்றி வளைக்காமல் கேளுங்கள், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றே கேளுங்கள், அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்றும் சொன்னார். (அவர் சொன்னது ஆய்வுகளும் உறுதிப்படுத்திய செய்தி என்று பின்னர் படித்தேன்.) அன்று மாலை அடுக்குமாடியின் கீழே காரை நிறுத்திவிட்டு, இறங்காமல், அந்தக் கேள்வியைக் கேட்டேன். வெகுநேரம் கழித்து, "தெரியலமா, பள்ளிக்கூடம் போகத்தான் பிடிக்கல" என்றாள். அவள் மலாய் பேசும் விதத்தைக் கேலி செய்து வகுப்புப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்; பிறகு அந்தக் குழுவிலிருந்தே அவளை நீக்கிவிட்டார்கள். ஆக, வசனம்தான் தொடரில் இருந்து வந்தது, வேதனை அவளுடைய சொந்த வேதனை. அதைச் சொல்ல அவளிடம் வேறு சொல் இல்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதற்குள்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்தாறு நாள் ஓட வேண்டிய தொடரில், இரண்டு பேர் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிவிட்டால் கதை அன்றோடு முடிந்துவிடும். அதனால்தான் எல்லாரும் கதவுக்குப் பின்னால் நின்று பாதி கேட்கிறார்கள், கேட்டதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு நாற்பது நாள் ஓட்டுகிறார்கள். எவராவது உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றால் அடுத்த காட்சியிலேயே மருத்துவமனை வராந்தாவில் குடும்பமே அழுகிறது, கொடுமை செய்த மாமியாரும் மனம் மாறிவிடுகிறார். நாற்பது வயதில் இதைப் பார்க்கும் எனக்கு இது கதை ஓட்டும் உத்தி என்று தெரியும். மனம் விட்டுப் பேச இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும் 13 வயதுப் பெண்ணுக்கு, துயரம் வந்தால் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும், அப்போதுதான் பலன் கிடைக்கும் என்று தினமும் பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடுகிறது.

பாத்திரத்தோடு தன்னைப் பொருத்திப் பார்ப்பவருக்கே ஆபத்து அதிகம் என்பதற்கு நல்ல சான்று ஜெர்மனியிலிருந்து வருகிறது. மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி ஒன்று 1981இல் ஒரு மாணவனின் தற்கொலையைச் சுற்றிய ஆறு பகுதி நாடகத்தை ஒளிபரப்பி, 1982இல் மறுபடியும் போட்டது. ஷ்மிட்கே, ஹேஃப்னர் ஆகிய இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த ஒளிபரப்புகளை ஒட்டி அதே விதமான மரணங்கள் கூடின. அந்த மாணவனின் வயதை ஒட்டிய ஆண்பிள்ளைகளிடையே அவை மிகவும் கூடின. நெட்ஃபிளிக்ஸ் 2017இல் வெளியிட்ட 'தேர்ட்டீன் ரீசன்ஸ் வை' தொடர் பற்றியும் அமெரிக்காவில் இத்தகைய ஆய்வு வந்தது. அதே புள்ளிவிவரங்களை மறுபடி அலசியவர்கள் அந்த முடிவைக் கேள்விக்குட்படுத்தினார்கள். ஆயினும் 2019இல் நெட்ஃபிளிக்ஸே தற்கொலைக் காட்சியை வெட்டி எடுத்துவிட்டது.

எல்லாப் பழியையும் தொடர்கள் மேல் போடவும் எனக்கு மனம் வரவில்லை. மலேசியாவில் 2022ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது, 13.1 விழுக்காட்டினருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. இவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொடர் எதையும் பார்த்திராத மலாய், சீனப் பிள்ளைகள். இன்னொன்று, கேபிள் தொலைக்காட்சி புதிதாக வந்த இந்தியக் கிராமங்களை, தமிழ்நாட்டுக் கிராமங்கள் உட்பட, ஆராய்ந்த ஜென்சன், ஆஸ்டர் ஆகிய பொருளியலாளர்கள், அங்கே மனைவியை அடிப்பது சரி என்று நினைக்கும் பெண்கள் குறைந்தார்கள் என்று 2009இல் எழுதினார்கள். நாம் திட்டித் தீர்க்கும் சீரியல்கள் ஓடிய அதே கேபிள்தான்.

நிறுத்துவதைப் பொறுத்தவரை, நான் நிறுத்திப் பார்த்துத் தோற்றவள். தொலைக்காட்சியை அணைத்த பத்தாவது நாள், போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு பார்த்தவளைப் பிடித்தேன். தமிழ்நாட்டில் இரவு 9 மணிக்கு வருவது நமக்கு 11.30, காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து பள்ளி வேனைப் பிடிக்க வேண்டிய பிள்ளை அது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள், அவளுக்கு ஐந்துகூடக் கிடைத்திருக்காது. அதைவிட மோசமாக எனக்குப் பட்டது, சோபாவில் பாட்டி போடும் கிண்டல் போர்வைக்குள் இல்லை என்பது. "இவளுக்கு வாய் இல்லையா, கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே" என்று மாமியார் திரையைப் பார்த்துத் திட்டுவதைத் தொந்தரவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

உங்கள் பிள்ளை இப்படி ஏதாவது சொன்னால், வசனமாகவே இருந்தாலும், என்னைப்போல் சிரித்துவிடாதீர்கள். மலேசியாவில் இருப்பவர்கள், மனவேதனையைக் காது கொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 எண்ணிலும், சுகாதார அமைச்சின் ஹீல் சேவையை 15555 எண்ணிலும் அழைக்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், போலீஸ் வருமோ என்று அஞ்சி மூடி மறைக்கவும் இப்போது தேவையில்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு தொடர்தான். பத்து மணிக்கு மூவரின் கைப்பேசிகளும் கூடத்து மேசைக்கு வந்துவிடும், மாமியாருக்கு இதில் இன்னும் கோபம். மகள் சில நாள் எங்களோடு உட்காருகிறாள், சில நாள் வர மறுக்கிறாள். வராத நாள்களில் நான் தொடரைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் அவள் கதவைத் தட்டுகிறேன்.