முழுசா எடுத்தாச்சு என்றார் டாக்டர், ரிப்போர்ட் வேறு மாதிரி சொல்கிறதே?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். எங்கள் 7 வயது லேப்ரடார் ராஜாவுக்குப் பின்தொடையில் ஒரு கட்டி. ஒரு வாரம் பெரிதாகும், அப்புறம் சுருங்கும், அட்டை கடித்த வீக்கம் என்றே நினைத்தோம். கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். சுற்றிலும் 2 சென்டிமீட்டர் விட்டு முழுசா எடுத்தாச்சு என்றார் டாக்டர். பயாப்ஸியில் மாஸ்ட் செல் ட்யூமர் (தோலில் வரும் ஒரு வகைப் புற்று), லோ கிரேடு (வீரியம் குறைந்தது), பக்க மார்ஜின், அதாவது கட்டிக்கும் வெட்டிய ஓரத்துக்கும் நடுவே உள்ள நல்ல திசு, 11 மில்லிமீட்டர், ஆழ மார்ஜின் 1 மில்லிமீட்டர், போதாது என்று வந்திருக்கிறது. மறுபடி ஆபரேஷனா?

பதில்: உடனே வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதற்கு முன் சிலது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அந்த 2 சென்டிமீட்டர், அதாவது 20 மில்லிமீட்டர், எப்படி 11 ஆனது? யாரும் பொய் சொல்லவில்லை. உடம்பில் இருக்கும்வரை தோல் இழுபட்டே இருக்கும், வெட்டி எடுத்ததும் சுருங்கிவிடும், கெடாமல் வைக்க ஃபார்மலின் திரவத்தில் போட்டால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். போதாததற்கு, டாக்டர் கைக்குத் தட்டுப்பட்ட கட்டியிலிருந்து அளந்தார், நுண்ணோக்கியில் பார்த்தவர் கண்ணுக்குத் தெரியாமல் வெளியே படர்ந்திருந்த செல்லிலிருந்து அளந்தார். பக்கவாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

விஷயம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. தொடைத் தசையைப் போர்த்தியபடி வெள்ளையாக, கெட்டியாக ஒரு உறை இருக்கும், ஃபேஷியா என்போம். புற்று செல்கள் கொழுப்பில் சுலபமாக நுழையும், இந்த உறையைத் தாண்டுவது அவற்றுக்குக் கஷ்டம். அதனால் அடியில் 1 மில்லிமீட்டர்தான் என்றாலும் அந்த இடைவெளியில் உறை முழுதாக இருந்தால், அதைவிடத் தடிமனான வெறும் கொழுப்பைக் காட்டிலும் அதை நம்பலாம். ஆபரேஷன் செய்தவரிடம் ‘ஃபேஷியாவையும் சேர்த்து எடுத்தீர்களா, அனுப்பும்போது ஓரங்களில் மை தடவினீர்களா’ என்று கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். மை இல்லாவிட்டால் எது டாக்டர் வெட்டிய ஓரம், எது லேபில் நறுக்கியபோது வந்த ஓரம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இன்னொன்று, லேபில் மொத்தக் கட்டியையும் யாரும் பார்ப்பதில்லை. சில மைக்ரான் தடிமனுள்ள சில சீவல்களை மட்டும்தான் பார்க்கிறார்கள். நாலு செடியைப் பார்த்துவிட்டு எஸ்டேட் முழுக்க எப்படி என்று சொல்வது போலத்தான், ‘சுத்தம்’ என்று வந்தாலும் அதற்கு ஒரு எல்லை உண்டு. சந்தேகம் தீரவில்லை என்றால் லேபில் மெழுகுக் கட்டியாக வைத்திருக்கும் திசுவிலிருந்து இன்னும் சில வெட்டுகள் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

என்னைக் கேட்டால் மார்ஜினைவிடக் கிரேடுதான் பெரிய விஷயம். நுண்ணோக்கியில் மிகப் பெரிதாக்கிப் பார்க்கும் 10 புலங்களில் (ஒரு தடவையில் கண்ணுக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம்) பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ஒன்றே ஹை கிரேடு என்று சொல்லப் போதும், அந்த வகை மார்ஜின் சுத்தமாக இருந்தும் பரவிவிடும். லோ கிரேடு அப்படியில்லை, ஓரத்தில் கொஞ்சம் செல் மிச்சமிருந்தாலும் பெரும்பாலான நாய்களுக்கு அதே இடத்தில் திரும்ப வருவதில்லை. (பூனைகளுக்கு ஊசி போட்ட இடத்தில் வரும் சார்கோமா என்ற புற்று என்றால் இப்படிப் பேசவே மாட்டேன், அங்கே 5 சென்டிமீட்டர் விட்டு எடுத்தாலும் பயம்தான்.)

ஆகவே முழங்காலுக்குப் பின்னாலும் கவட்டியிலும் உள்ள நெறிகளை (நிணநீர்க் கணுக்களை) ஊசியால் கொஞ்சம் செல் உறிஞ்சி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், புற்று பரவியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும், வீங்கவில்லை என்றாலும் சரி. அது சுத்தம், ஃபேஷியாவும் எடுத்தாகிவிட்டது என்றால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். ஃபேஷியா எடுக்கவில்லை, அல்லது கிரேடில் சந்தேகம் என்றால் தழும்பையே ஒரு கட்டியாக நினைத்து, அடியில் உறையோடு மறுபடி எடுப்பதுதான் நல்லது. நாய்களுக்கு ரேடியேஷன் நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பதில்லை, அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.

மாதம் ஒருமுறை ராஜாவின் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத் தழும்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் அழுத்திப் பிசையாதீர்கள், மாஸ்ட் செல் என்றால் அதற்குள் இருக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் வெளியேறி அந்த இடமே வீங்கிச் சிவந்துவிடும். நீலகிரித் தைலமும் கூடாது, நக்கினால் நாய்க்கு விஷம்.