கணினிக் கேள்வி–பதில்: பாதியில் நிற்கும் லினக்ஸுக்குள் நுழைவது எப்படி?

கேள்வி: எங்கள் பட்டறையின் கணக்குக் கோப்புகள் டெபியன் லினக்ஸ் கணினி ஒன்றில் உள்ளன. பேக்கப் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்த நாளில் மின்சாரம் போய் வந்தது. அது முதல் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்து, ‘எமர்ஜென்சி மோட்’ என்று காட்டி, ரூட் (முழு உரிமை கொண்ட நிர்வாகி) கணக்கு பூட்டப்பட்டுள்ளதாகச் சொல்லி நின்றுவிடுகிறது. என்டர் தட்டினால் அதே செய்திதான் திரும்ப வருகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டும் என்கிறார் பழுது பார்ப்பவர். வேறு வழி உண்டா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: உண்டு. எதையும் அழிக்க வேண்டாம் என்று அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நீங்கள் விவரிக்கும் அறிகுறிகளின்படி உங்கள் கோப்புகளுக்கு எதுவும் ஆகவில்லை.

எந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்பது எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதில் உள்ள டிஸ்க்குகள் எல்லாம் கட்டாயம் தேவை என்றே, கணினியின் தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி எடுத்துக்கொள்கிறது. ஒன்று வராவிட்டால் 90 விநாடி காத்திருந்து, பிறகு வழக்கமான தொடக்கத்தைக் கைவிட்டு, ரூட் கடவுச்சொல்லைக் கேட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்வதற்கான ஒரு ஷெல்லைத் திறக்க முயல்கிறது. டெபியனை நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டவர்களுக்கு ரூட் கணக்கே பூட்டப்பட்டுவிடும். சாதாரணக் கணக்கிலிருந்தே நிர்வாகி உரிமையுடன் கட்டளையிட உதவும் சூடோ வழியாக அன்றாட வேலை நடப்பதால் அது நினைவிலும் இருக்காது. கேட்பதற்குக் கடவுச்சொல்லே இல்லாத நிலையில் அவசர ஷெல் திறக்க மறுக்கிறது. அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

அந்த வெளி டிஸ்க் கையில் இருந்தால், அதைச் செருகிக் கணினியை மறுபடி இயக்குங்கள். பெரும்பாலும் அதுவே போதும். டிஸ்க் கிடைக்காவிட்டால், கணினி தொடங்கியதும் வரும் கிரப் பட்டியல் திரையில் தெரியும் 5 விநாடிக்குள் ஆங்கில ‘e’ விசையைத் தட்டி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘இனிட்=/பின்/பேஷ்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து, எஃப்10-ஐ அழுத்துங்கள். சிஸ்டம்டி தொடங்காமலே நேராக ரூட் ஷெல் கிடைக்கும். அப்போது மூல டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருக்கும் என்பதால், மவுன்ட் கட்டளையின் ரீமவுன்ட் விருப்பத்தால் அதை எழுதும் நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு நேனோ எடிட்டரில் எஃப்எஸ்டேப்பைத் திறந்து, வெளி டிஸ்க்கின் வரியில் ‘டிஃபால்ட்ஸ்’ என்ற சொல்லை அடுத்துக் காற்புள்ளியிட்டு ‘நோஃபெயில்’ என்று சேருங்கள். இனி அந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடக்கம் நிற்காது.

அதே ஷெல்லில் பாஸ்வேர்ட் (passwd) கட்டளையால் ரூட்டுக்கு ஒரு நல்ல கடவுச்சொல்லையும் வைத்துவிடுங்கள். இதனால் வெளியார் நெட்வொர்க் வழியே ரூட்டாக நுழைந்துவிடுவார்களோ என்று பலரும் தயங்குகிறார்கள். தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் இயல்பான அமைப்பில் ரூட்டுக்குக் கடவுச்சொல் நுழைவு மறுக்கப்பட்டே இருக்கிறது. அதை நீங்கள் மாற்றாதவரை அந்த வழியில் அச்சமில்லை. வேலை முடிந்ததும் ‘எக்ஸிட்’ கொடுக்காதீர்கள்: இப்போது இந்த ஷெல்தான் கணினியின் முதல் செயல்முறை (process); அதுவே முடிந்துவிட்டால் லினக்ஸின் மையமான கர்னல் ‘பேனிக்’ ஆகி நின்றுவிடும். ‘சிங்க்’ கொடுத்துவிட்டு, ‘ரீபூட் -எஃப்’ கொடுங்கள்.

நோஃபெயில் சேர்த்தவர்கள் கவனிக்காமல் விடும் ஆபத்து ஒன்று உண்டு. டிஸ்க் இணையாத நாளிலும் அதற்குரிய காலி ஃபோல்டர் இருந்துகொண்டுதான் இருக்கும். பேக்கப் ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டாமல் அந்த ஃபோல்டருக்குள், அதாவது பாதுகாக்க வேண்டிய அதே டிஸ்க்கிலேயே, நகலை எழுதித் தள்ளும். ஆகவே மவுன்ட்பாயின்ட் கட்டளையால் டிஸ்க் இணைந்திருப்பதை உறுதி செய்த பின்னரே நகலெடுக்கத் தொடங்குமாறு ஸ்கிரிப்டைத் திருத்தச் சொல்லுங்கள். கணக்குக் கோப்புகளை வைத்திருக்கும் உங்களுக்கு இது மிக முக்கியம்.

கேள்வி: தொடக்க அமைப்புகளை எழுதும் பழைய இனிட்டேப் கோப்பை இப்போது காணவில்லை. அறிவிப்புப் பலகைக்கான கணினி ஒன்றில் முதல் திரை தானாகவே லாகின் ஆக வேண்டும். எங்கே எழுதுவது?
— வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: 2015-இல் வெளிவந்த டெபியன் 8 முதல் இயல்பான தொடக்க அமைப்பு சிஸ்டம்டி என்பதால் இனிட்டேப் வழக்கொழிந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு திரையின் லாகினையும் கெட்டி என்ற சேவை கவனிக்கிறது. ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கட்டளையால் முதல் திரையின் கெட்டி சேவைக்கு ஒரு கூடுதல் கோப்பை உருவாக்கி, அதில் ‘எக்ஸெக்ஸ்டார்ட்=’ என்று வலப்பக்கம் காலியாக ஒரு வரியும், அதன் கீழே, அந்தச் சேவை இயக்கும் ஏகெட்டி என்ற நிரலை ‘ஆட்டோலாகின்’ விருப்பத்துடன் அழைக்கும் வரியும் எழுதுங்கள். காலி வரி பழைய கட்டளையை நீக்குகிறது. அதை விட்டால் ஒரே சேவைக்கு இரண்டு கட்டளைகள் என்று சிஸ்டம்டி சேவையையே ஏற்க மறுக்கும். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் அது போய்விடும். தானாக லாகின் ஆகும் பயனருக்குச் சூடோ உரிமை கொடுக்கவே கூடாது.

கேள்வி: எங்கள் அலுவலக சர்வருக்கு மானிட்டர் இல்லை. சீரியல் கேபிள் வழியாக லாகின் வருமா? கேபிளைச் செருகினால் கிறுக்கல் எழுத்துகள்தான் தெரிகின்றன.
— வாசகர், கிண்டி

பதில்: கிறுக்கல் எழுத்துகளுக்குப் பெரும்பாலும் வேகப் பொருத்தமின்மையே காரணம், இரு முனைகளிலும் 115200 என்றே வையுங்கள். கிரப் அமைப்புக் கோப்பில் கர்னல் விருப்பமாக ‘கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200’ என்று சேர்த்து, ‘அப்டேட்-கிரப்’ கொடுத்தால் போதும்; அதைக் கண்டு சீரியலுக்கான கெட்டியைச் சிஸ்டம்டி தானே தொடங்கிவிடும். கன்சோல் என்று இரண்டு மூன்று எழுதினால் கர்னல் செய்திகள் எல்லாவற்றுக்கும் போகும், ஆனால் சிஸ்டம்டியின் தொடக்கச் செய்திகள் கடைசியாக எழுதியதற்கே போகும். ஆதலால் உங்கள் நிலையில் சீரியலைக் கடைசியாக எழுதுவதே சரி. கிரப் பட்டியலையும் சீரியலுக்கு அனுப்ப அதே கோப்பில் தனி வரிகள் உண்டு. அவற்றையும் சேர்த்துவிடுங்கள், இல்லையேல் முதல் பதிலில் சொன்ன வழியை உங்களால் பயன்படுத்த முடியாது.

கேள்வி: தொடக்கச் சிக்கலைக் கண்டுபிடிக்க டீபக்-ஷெல் சேவையை இயக்கினேன். சிக்கல் தீர்ந்தது. அது அப்படியே இருக்கட்டுமா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: இன்றே நிறுத்துங்கள். அந்தச் சேவை இயங்கும் வரை, விசைப்பலகையைத் தொட முடிந்த எவரும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் ஷெல் கிடைத்துவிடும். ‘சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள்’ கொடுத்து மறுபடி பூட் செய்யுங்கள். அடுத்த முறை தேவைப்பட்டால், கிரப் வரியில் ‘சிஸ்டம்டி.டீபக்-ஷெல்’ என்று அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும் எழுதிக்கொள்ளலாம். கிரப் வரியைப் பிறர் திருத்திவிடாதபடி அதற்கும் கடவுச்சொல் வைக்கலாம். டிஸ்க்கையே கழற்றிச் செல்லக்கூடிய இடம் என்றால் என்கிரிப்ஷன்தான் காக்கும்.