மாருதியில் கழற்றிய போல்ட்டுக்கு 12 ஸ்பேனர், கடையில் தந்த எம்8 போல்ட்டுக்கு 13. மாற்றிப் போடலாமா?

எம்8 என்றால் தாராளமாகப் போடலாம். ஸ்பேனர் நம்பர் தலையின் அகலம்தான், தண்டின் தடிமன் இல்லை. எம்8 என்பது தண்டு 8 மிமீ. அதற்கு ஜப்பான் கார்க்காரர்கள் 12 தலை வைப்பார்கள், கடைகளில் கிடைக்கும் ஜெர்மன் அளவு போல்ட்டுக்கு 13. மரை இரண்டிலும் பெரும்பாலும் 1.25 பிட்ச்தான், அதாவது ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே 1.25 மிமீ, அதனால் கையாலேயே ஏறிவிடும்.

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் ஷெட்டில் "ஏலே, அந்தப் பன்னிரண்டை எடு" என்றுதான் குரல் வரும், எம்8 என்று யாரும் சொல்வதில்லை. அதே பழக்கத்தில் ஹார்டுவேர் கடையில் போய் "அண்ணாச்சி, பன்னிரண்டு போல்ட் ஒண்ணு தாங்க" என்று கேட்டால் அவர் 12 மிமீ தண்டுள்ளதை எடுத்துப் போடுவார், அதற்கு 19 ஸ்பேனர் வேண்டும்! பழைய போல்ட்டைக் கையோடு கொண்டு போவதுதான் நல்லது.

சிக்கல் எம்10-இல்தான். மாருதி மாதிரி ஜப்பான் வழி வண்டிகளில் எம்10-க்கு 14 தலை, மரை பல இடங்களில் 1.25. கடையில் சும்மா எம்10 என்று கேட்டால் வருவது 17 தலை (ஐஎஸ்ஓ என்ற புது சர்வதேச அளவென்றால் 16), மரை 1.5. இது இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் இறுகும், துருவாக இருக்கும் என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் அலுமினியத்தில் இருக்கிற மரை வழித்துக்கொண்டு வந்துவிடும், பிறகு லேத் பட்டறைக்குத்தான் அலைய வேண்டும். வாங்கும்போதே பழையதையும் புதியதையும் பக்கவாட்டில் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல் பல்லாக உட்கார்ந்து நடுவில் வெளிச்சம் தெரியவில்லை என்றால் ஒரே பிட்ச். காசு செலவில்லாத சோதனை, கடைக்காரரும் கோபப்பட மாட்டார்.

தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் 8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாது, புள்ளிக்குப் பின்னால் உள்ள 8 என்றால் அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை நிரந்தரமாக நீளாது. எதுவுமே பொறிக்காத போல்ட் நம்பர் பிளேட்டுக்குப் போதும். பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் கம்பெனி போல்ட் தவிர வேறெதையும் நான் தொடவே மாட்டேன்.

12 தலையில் 13 ஸ்பேனரைப் போட்டுத் திருகாதீர்கள், ஆறு மூலையும் மழுங்கிவிடும். கடற்கரையோரம் ஓடித் துருப்பிடித்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பழைய அம்பாசடர் தனிக்கதை, அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த இஞ்ச் போல்ட் வண்டி. அரை இஞ்ச் தலை 12.7 மிமீ, 13 ஸ்பேனரில் எப்படியோ ஒப்பேற்றலாம். 9/16 தலைக்கு 14 நுழையாது, 15 வழுக்கும்.

வீல் நட்டும் அப்படித்தான். மாருதியில் பொதுவாக 19, ஹூண்டாய், டொயோட்டாவில் 21. மாருதியின் மரையும் வேறு, அதன் நட்டை மற்ற இரண்டிலும் போட முடியாது. பழைய கார் வாங்கியிருந்தால், டிக்கியில் கிடக்கும் வீல் ஸ்பேனர் நட்டில் உட்காருகிறதா என்று திருச்செந்தூருக்குக் கிளம்புவதற்கு முன்பே வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.