இரவில் நரியை விரட்ட குவாட் பைக்கில் எதை மாட்டலாம், எதை மாட்டவே கூடாது?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம், ஹாமில்டன் பக்கம் 200 ஏக்கரில் செம்மறி வளர்க்கிறோம். மெல்பனிலிருந்து இங்கே குடிவந்து நான்கு வருடமாகிறது. இந்தக் குளிர்காலத்தில் பிறந்த குட்டிகளில் பதினொன்று நரிக்குப் போய்விட்டன. எங்களிடம் 2014 மாடல் குவாட் பைக் (மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி வைத்த நான்கு சக்கர வண்டி) இருக்கிறது. எனக்கும் கணவருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் உண்டு. தலைக்கு மேல் கம்பிச் சட்டம், அதில் லைட் பார், துப்பாக்கி ரேக், பின்னால் ஒருவர் உட்கார்ந்து சுட சீட், எல்லாம் சேர்த்து 'இரவு வேட்டை கிட்' என்று 4,200 டாலருக்கு ஒருவர் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அந்த நான்கில் இரண்டு உங்கள் உயிருக்கே ஆபத்து. மற்ற இரண்டையும் இதைவிட மிகக் குறைந்த செலவில் நீங்களே செய்துகொள்ளலாம்.

முதலில் அந்தப் பின் சீட். உங்கள் வண்டி ஒருவர் ஓட்டுவதற்காகச் செய்தது. இருக்கை நீளமாக இருப்பது இரண்டு பேருக்காக அல்ல. மேட்டில் ஏறும்போது முன்னால் சாயவும், சரிவில் பக்கவாட்டில் நகரவும் ஓட்டுபவருக்கு அந்த இடம் வேண்டும். ஓட்டுபவர் உடம்பை நகர்த்துவதால்தான் குவாட் பைக் கவிழாமல் நிற்கிறது. பின்னால் ஒருவரை, அதுவும் துப்பாக்கியோடு உட்கார வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். இருவரும் சேர்ந்து போவதென்றால் யூட்டில், அதாவது பின்னால் திறந்த தட்டுள்ள பிக்கப் வண்டியில் போங்கள். இல்லையென்றால் சீட் பெல்ட் உள்ள, பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டி வாங்குங்கள். குவாட்டில் ஒருவர்தான்.

அடுத்தது அந்தக் கம்பிச் சட்டம். பார்க்கப் பாதுகாப்புக் கூண்டு மாதிரி இருக்கும், அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் என்று யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. இருபது கிலோ இரும்பைத் தலைக்கு மேல் ஏற்றினால் வண்டி இன்னும் சீக்கிரம் சாயும், அவ்வளவுதான். இப்போது இங்கே விற்கும் பண்ணை வேலைக்கான புது குவாட், பக்கவாட்டில் ஏறக்குறைய 29 டிகிரி சாயும் வரை இரண்டு சக்கரத்தில் எழும்பக் கூடாது என்பது சட்டம். அது சோதனை மேடையில் எடுக்கும் கணக்கு. ஜூலை மாதத்து ஈரப்புல்லில், இருட்டில் ஒரு முயல் வளையில் சக்கரம் இறங்கினால் அந்தக் கணக்கு செல்லாது. உங்கள் 2014 வண்டிக்கு அந்தச் சோதனைகூட நடந்திருக்காது.

உங்கள் பணத்தில் முதல் ஆயிரம் டாலர் போக வேண்டியது ஓ.பி.டி.க்கு (Operator Protection Device, ஓட்டுபவரைக் காக்கும் சாதனம்). வண்டி கவிழ்ந்தால் முழு எடையும் ஆள்மேல் அழுந்தாமல் இடைவெளி விட்டுத் தாங்கும் வளைவு அது. சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும். குவாட் விபத்தில் இறந்தவர்களில் பலருக்கு எலும்புகூட முறிந்திருக்காது. முந்நூறு கிலோ வண்டி நெஞ்சின்மேல் கிடக்க, மூச்சு விட முடியாமலே போயிருப்பார்கள். பகலில் என்றால் யாராவது பார்ப்பார்கள். இரவு பதினொன்றுக்கு, வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, போன் சிக்னல் இல்லாத பள்ளத்தில் யார் வருவார்கள்?

இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 2021 அக்டோபர் 11 முதல் பண்ணை போன்ற பொது வேலைக்காக விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புது குவாடிலும் ஓ.பி.டி. கட்டாயம். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பழைய வண்டிக்கும் அப்படித்தான். ஆனால் ஏற்கெனவே இந்த நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் அந்த விதி பாயாது. பழைய வண்டித் தரகர் இதைப் பிடித்துக்கொண்டு, 'உங்கள் வண்டிக்குச் சட்டப்படி தேவையில்லை' என்பார். பாதி உண்மை. அது விற்பனைக்கான விதி மட்டுமே. பண்ணை என்பது வேலையிடம். வேலையிடத்தில் கவிழும் ஆபத்து இருந்தால் அதைக் குறைக்கும் பொறுப்பு உங்களுடையது. அதற்கு ஓ.பி.டி. பொருத்தமான வழி என்று விக்டோரியாவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான வொர்க்சேஃப் 2016இலேயே சொல்லிவிட்டது. குட்டி போடும் பருவத்துக்குக் கூலிக்கு ஓர் ஆளை வைத்து அவரை அந்த வண்டியில் அனுப்பினால், 'பழைய மாடல்' என்ற பதில் எங்கேயும் எடுபடாது. நீங்கள் இருவர் மட்டுமே ஓட்டினாலும் மாட்டுங்கள். நெஞ்சில் விழும் எடை மாடல் வருடம் பார்த்து விழுவதில்லை.

இதில் எனக்கு ஆத்திரமே வருகிறது. இரண்டு வருட அவகாசம் கொடுத்துப் புது வண்டிக்கு மட்டும் விதி போட்டார்கள். ஹோண்டாவும் யமஹாவும் ஓ.பி.டி. விதியை ஏற்காமல் இங்கே குவாட் விற்பதையே நிறுத்திக்கொண்டன. அதனால் பழைய வண்டிக்குக் கிராக்கி கூடிவிட்டது. பாதுகாப்பே இல்லாத வண்டிகள் இன்று கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அதைக் கேட்க ஆள் இல்லை.

ஓ.பி.டி. மாட்டிய பிறகு அந்தக் குழாயில் துளை போட்டு லைட் மாட்டாதீர்கள். போன வருடம் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. வளைவின் கழுத்தில் நான்கு துளை, அதில் லைட் பார். துளையைச் சுற்றித் துரு ஏறி, விரலால் தொட்டாலே பொடி உதிர்ந்தது. ஆளைத் தாங்க வேண்டிய இடமே அதுதான்.

சரி, லைட்டுக்கு வருவோம். அதே வண்டியின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து நேராக ஒரு மெல்லிய வயர் போயிருந்தது. ஃபியூஸும் இல்லை, ரிலேயும் இல்லை. பெட்ரோல் டேங்குக்குக் கீழே வயரின் மேலுறை உருகி இரும்பில் ஒட்டியிருந்தது. 'கிட்' மாட்டித் தந்தவர் பில்லில் 'வயரிங் 380 டாலர்' என்று எழுதியிருந்தார். பாரின் மேல் 300 வாட் என்று அச்சு. மீட்டர் வைத்து அளந்தால் 5 ஆம்பியர், அதாவது 60 வாட். விளக்கு விற்பவர்கள் சொல்லும் வாட்டையும் கிலோமீட்டரையும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

உயரத்தில் மாட்டிய லைட் பார் நரி வேட்டைக்கு உதவாது. அது முதலில் உங்கள் மட்கார்டையும் முன் ரேக்கையும்தான் வெளிச்சமாக்கும். பனிமூட்டம் இருந்தால் கண்முன் வெள்ளைச் சுவர்தான். கண் கூசிய பிறகு இருட்டில் எதுவும் தெரியாது. தன் பேட்டரியிலேயே எரியும் கை ஸ்பாட்லைட் ஒன்று, அதற்குச் சிவப்பு மூடி ஒன்று போதும். வெள்ளை ஒளிக்கு மிரளும் நரி சிவப்புக்கு அவ்வளவாக மிரளாது. வண்டியின் பேட்டரியைத் தொடவே வேண்டாம். உங்கள் ரக வண்டியில் இருப்பது பெரும்பாலும் 14 முதல் 18 ஆம்பியர்-மணி பேட்டரி. பழைய 100 வாட் ஹாலஜன் விளக்கு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தால், திரும்பி வர வண்டி கிளம்புமா என்பதே சந்தேகம்.

துப்பாக்கிக்கு மூடிய உறைப்பெட்டி வாங்கி, முன் ரேக்கில் தாழ்வாகக் கட்டுங்கள். வண்டி நகரும்போது அதில் தோட்டா இருக்கக் கூடாது. சேம்பரும் காலி, மேகசினும் வெளியே. வண்டியில் உட்கார்ந்தபடி சுடாதீர்கள். இறங்கி நான்கு எட்டு தள்ளி, முக்காலியில் துப்பாக்கியை ஊன்றிய பிறகுதான் தோட்டா போட வேண்டும். அந்த அரை நிமிடத்தில் நரி போய்விட்டால் போகட்டும். கிட்டோடு 'சத்தம் குறைக்கும் குழாய்' இலவசம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவில் சாதாரண லைசென்ஸுக்கு சைலன்சர் அனுமதி இல்லை.

கண் மின்னுவதைப் பார்த்துச் சுடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. பக்கத்துப் பண்ணை கெல்பி நாய்க்கும் கண் அப்படித்தான் மின்னும். தெர்மல் கருவி உஷ்ணத்தைத்தான் காட்டும். உருவத்தைத் தெளிவாகக் காட்டாது, நடுவில் இருக்கும் வேலிக் கம்பியையும் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் காட்டாது. தெர்மலில் தேடுங்கள், வெளிச்சத்தில் வாலும் முகமும் தெரிந்த பிறகு முடிவெடுங்கள். பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுட வேண்டாம். சின்ன .22 தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டர் போகும். உங்கள் 200 ஏக்கரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குள் இன்னொருவர் நிலம் வந்துவிடும்.

இன்னொன்று, பதினொரு குட்டியும் உயிரோடு இருக்கும்போதே நரியிடம் சிக்கியவைதானா என்று பாருங்கள். குளிரிலும் பாலில்லாமலும் செத்த குட்டியையும் நரி தின்னும். மிச்சம் கிடைக்கும் உடலின் தோலை உரித்துப் பாருங்கள். கடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு கடித்தது, இல்லையென்றால் செத்த பிறகு. செத்த பிறகுதான் என்றால் நீங்கள் பணம் போட வேண்டியது காற்றுத் தடுப்புக்கும் தீவனத்துக்கும்.

அப்புறம், நாலு நரியைச் சுட்டால் காலியான இடத்துக்கு அடுத்த நிலத்திலிருந்து வேறு நரி வரும். உங்கள் ஊரிலிருந்து தெற்கே வார்னம்பூல் கடற்கரையில் மிடில் தீவு இருக்கிறது. அங்கே நரிகளால் பெங்குவின்கள் பத்துக்கும் கீழே குறைந்துவிட்டன. 2006இல் மரெம்மா காவல் நாய்களைக் கொண்டுபோய்விட்ட பிறகுதான் அவை மீண்டன. இரண்டு மரெம்மா உங்கள் மந்தைக்கும் காவல் இருக்கும். ஆனால் நாய் வளர்த்தால் 1080 விஷ இரை உங்கள் நிலத்திலும் கூடாது, பக்கத்து நிலத்திலும் கூடாது. நரியைவிடச் சுலபமாக நாயைக் கொல்லும் விஷம் அது, மாற்று மருந்து கிடையாது. பக்கத்துப் பண்ணைக்காரரிடம் அதை எங்கே, எப்போது வைக்கிறார் என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். எந்த இரவு விளக்கோடு இறங்கப் போகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் விளக்கு வேலி ஓரம் நகர்வதைப் பார்த்து, அவர் திருடன் என்று நினைத்து இருட்டில் நடந்து வரலாம்.