ரிட்டர்ன் பார்சலையும் சேர்த்துத்தான் கணக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ஆர்டர் வருகிறது, பணம் நிற்கவில்லை. அதனால் அந்தக் கேள்விக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். திருப்பூரில் ஒன்பது வருடமாகக் குழந்தைகள் உடுப்பு வாங்கி ஆன்லைனில் விற்கிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கட்டணங்கள் தளத்துக்குத் தளம் மாறும். உங்கள் செட்டில்மென்ட் ஷீட்டை (தளம் எதற்கு எவ்வளவு பிடித்து மீதி தந்தது என்ற கணக்கு) பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் எண்களுக்குப் பதிலாக உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

அக்கா, டீ-ஷர்ட் ஒன்று 110 ரூபாய்க்கு எடுத்து 249க்குப் போடுகிறேன். மாதம் நூறு பார்சல் போகிறது. ஆனாலும் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. எங்கே ஒழுகுகிறது?
– தாராபுரம் வாசகி

249-ல் 110ஐக் கழித்து 139 லாபம் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. எல்லோரும் முதல் வருடம் இப்படித்தான் போடுகிறோம். வரிசையாகப் பார்க்கலாம்.

249-க்குள் 5% ஜி.எஸ்.டி. அடக்கம். அதை எடுத்தால் 237. ஜி.எஸ்.டி. பில்லோடுதான் சரக்கு எடுக்கிறீர்கள், அந்த வரி உங்களுக்கு வரவாகிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். தளத்தின் கமிஷன், நிலைக் கட்டணம், அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து பீஸுக்கு 72 என்று வைப்போம். கவர், டேப், லேபிள் 8. மிச்சம் 47 ரூபாய். வீடு போய்ச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்ட பீஸுக்குத்தான் இந்த 47.

நூறில் 22 திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துணியில் இது அதிசயம் இல்லை. அதில் 12 பார்சல், கேஷ் ஆன் டெலிவரியில் போட்டுவிட்டு வாங்காமல் திருப்பியது; இதற்குத் தளம் கூலி பிடிக்கவில்லை என்று வைப்போம். மீதி 10, வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பியது. இந்தப் பத்துக்கும் போக வர கூலி உங்கள் தலையில்தான். ஒன்றுக்கு 140 என்றால் 1,400 ரூபாய். அந்தப் பத்தில் நாலு பீஸ் கறையோ கசங்கலோ ஆகி இனி விற்கவே முடியாது என்றால் 440. திரும்பிய 22-க்கும் கவர் செலவு 176.

இப்போது கூட்டிக் கழியுங்கள். விற்ற 78 பீஸுக்கு 47 வீதம் 3,666. ரிட்டர்ன் சாப்பிட்டது 2,016. மிஞ்சுவது 1,650. பீஸுக்கு 21 ரூபாய். இதற்கு மேல் பீஸுக்கு 15 ரூபாய் விளம்பரத்துக்கும் விட்டிருந்தால் மாதத்துக்கு 480 ரூபாய்தான் நிற்கும். உங்கள் உழைப்புக்குக் கூலி இன்னும் போடவே இல்லை.

ஆக, விலையை 249-லிருந்து 229 ஆக்கினால் ஆர்டர் கூடும் என்று யோசிக்காதீர்கள். இப்போதே நஷ்டத்தின் விளிம்பில் இருக்கிறீர்கள். திரும்பி வருகிற பத்தைக் குறையுங்கள். ரிட்டர்ன் காரணங்களைத் தளமே காட்டும். துணியில் பெரும்பாலும் "சைஸ் சரியில்லை" என்றுதான் இருக்கும். சப்ளையர் கொடுத்த சைஸ் சார்ட்டை அப்படியே ஒட்டாமல், ஒவ்வொரு லாட்டிலும் நாலு பீஸ் எடுத்து டேப் வைத்து நீங்களே அளந்து போடுங்கள். ஒரே 'எல்' சைஸ் இரண்டு லாட்டில் ஒன்றரை இஞ்ச் வித்தியாசம் காட்டியதை நானே அளந்து பார்த்திருக்கிறேன். ஜி.எஸ்.எம். (துணியின் கனம்) எவ்வளவு, சுருங்குமா என்பதையும் எழுதுங்கள். வெயிலில் எடுத்த பளபளப்புப் படம் வேண்டாம். வீட்டு வெளிச்சத்தில் நிறம் எப்படித் தெரிகிறதோ அந்தப் படமும் ஒன்று இருக்கட்டும்.

இன்னொன்று. தளம் உங்கள் பணத்தில் ஜி.எஸ்.டி. டி.சி.எஸ். என்று 0.5%, வருமான வரி டி.டி.எஸ். என்று 0.1% பிடித்திருக்கும். அது போய்விட்ட பணம் இல்லை. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கேட்டு எடுத்துக்கொள்ளலாம். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

தலையணை செட் விற்கிறேன். எடை ஒன்றரை கிலோதான். ஆனால் கூரியருக்கு 5 கிலோ கட்டணம் பிடிக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– கரூர் வாசகர்

இல்லை. தராசு எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். உங்கள் பெட்டி 40, 30, 20 என்றால் 24,000. வகுத்தால் 4.8 கிலோ. அதைத்தான் 5 ஆக்கியிருக்கிறார்கள். வேக்குவம் கவரில் காற்றை உறிஞ்சி உயரத்தை 8 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 2 கிலோ கட்டணத்துக்குள் வந்துவிடும். ஒன்றைப் பிரித்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். தலையணை பழையபடி உப்பினால்தான் இந்த வழி. உப்பாத பஞ்சு என்றால் மிச்சம் பிடித்த காசு ரிட்டர்னில் போய்விடும்.

நான் ஓசூர். வருமானம் கொஞ்சம்தான். ஜி.எஸ்.டி. இல்லாமல் ஆன்லைனில் விற்க முடியுமா?

முடியும், 2023 அக்டோபர் 1 முதல். அதற்கு முன் ஒரு பொருள் விற்றாலும் பதிவு கட்டாயமாக இருந்தது. இப்போது பொருள் விற்பவர்களின் ஆண்டு விற்றுமுதல் தமிழ்நாட்டில் 40 லட்சத்தைத் தாண்டாதவரை, பான் எண்ணை வைத்து ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கினால் போதும். ஆனால் மாநிலத்துக்குள் மட்டும்தான் விற்கலாம்.

உங்கள் ஊருக்கு இது பெரிய இடைஞ்சல். பெங்களூரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஆனால் ஒரு பார்சல்கூட அங்கே அனுப்ப முடியாது. கன்னியாகுமரிக்கு அனுப்பலாம், அத்திப்பள்ளிக்கு அனுப்ப முடியாது. காம்போசிஷன் முறையில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்களுக்கும் இதே எல்லைதான். ஆறு மாதம் மாநிலத்துக்குள் விற்றுப் பழகுங்கள். ஆர்டர் நிற்கிறது என்று தெரிந்ததும் முறையான பதிவுக்குப் போங்கள். ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூரை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

ரிட்டர்ன் வந்த கவரில் என் சட்டை இல்லை, கிழிந்த பழைய சட்டை இருக்கிறது. என்ன செய்வது?
– மதுரை வாசகர்

படிக்கும்போதே வயிறு எரிந்தது. எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு தீபாவளி வாரத்தில் ஒரே நாளில் பதினாலு ரிட்டர்ன் வந்தது. அவசரத்தில் எல்லாவற்றையும் பிரித்துக் குவித்துவிட்டேன். ஒன்றில் பாவாடை செட்டுக்குப் பதில் பழைய துண்டு. எந்தக் கவரிலிருந்து வந்தது என்றே சொல்ல முடியவில்லை. தளத்திடம் நஷ்டஈடு கேட்டு கிளைம் போட்டேன், ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, என்னிடம் ஆதாரம் இல்லைதான். மாற்றியது வாங்கியவரா, வழியில் யாராவதா என்று கடைசிவரை தெரியவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வீடியோ எடுக்காமல் வேலை நடப்பதில்லை. ஒன்று பேக்கிங்கின்போது: பொருள், அதன் டேக், கவரில் போடுவது, ஒட்டுவது, லேபிளில் இருக்கும் எண், எல்லாம் நடுவில் வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக. இன்னொன்று ரிட்டர்ன் பிரிக்கும்போது: முதலில் லேபிள், அப்புறம் ஒட்டிய இடம், அப்புறம் உள்ளே இருப்பது. செல்போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டால் கை ஓய்வாக இருக்கும். கிளைம் போட ஒவ்வொரு தளத்திலும் நாள் கணக்கு உண்டு, அதனால் ரிட்டர்ன் வந்த அன்றே பிரியுங்கள். உங்கள் இப்போதைய பார்சலுக்குக் கவரையும் லேபிளையும் தூக்கிப் போடாமல் படம் எடுத்து இன்றைக்கே கிளைம் போட்டுவிடுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் போடாமல் விடாதீர்கள்.

பிரபல வெளிநாட்டு பிராண்டு லோகோ உள்ள டிராக் பேன்ட் 'ஒரிஜினல் சர்ப்ளஸ்' என்று 90 ரூபாய்க்குத் தருகிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. நிஜமான எக்ஸ்போர்ட் மிச்சம் பெரும்பாலும் லேபிளை வெட்டித்தான் வெளியே வரும். வெட்டாத லேபிளோடு எல்லா சைஸிலும், கேட்ட எண்ணிக்கையில், கேட்டபோதெல்லாம் கிடைக்கிறது என்றால் அது மிச்சம் இல்லை, புதிதாக அச்சடித்த லோகோ. மிச்சச் சரக்கு எப்போதும் சைஸ் உடைந்துதான், அதாவது சில சைஸ் இருந்து சில சைஸ் இல்லாமல்தான் கிடைக்கும். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டப்படி போலி பிராண்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லோகோ இல்லாத நல்ல பின்னல் துணியை அதன் தரத்தைச் சொல்லியே விற்கலாம்.

சவுகார்பேட்டையில் மலிவாக பிளாஸ்டிக் பொம்மை கிடைக்கிறது. போடலாமா?

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் மட்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். குழந்தை வாயில் வைக்கிற பொருள், சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, எந்த நாட்டுப் பொருள் என்பதெல்லாம் அட்டையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டிலிருந்தே வாட்ஸ்அப் குரூப்பில் சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ச் சேலை ரீசெல் செய்கிறேன். ஸ்டாக் வைப்பதில்லை, ஆர்டர் வந்தால் சப்ளையரே அனுப்பிவிடுவார். "இது பட்டா?" என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். சப்ளையர் "சாஃப்ட் சில்க் என்று சொல்லுங்கள்" என்கிறார்.
– கும்பகோணம் வாசகி

கண்ணு, "பட்டு இல்லை, பட்டு மாதிரி நெய்த செயற்கை இழை" என்று சொல்லுங்கள். 700 ரூபாய்க்கு அந்தப் பளபளப்பும் அந்த பார்டரும் கிடைப்பதே பெரிய விஷயம். இளம்பிள்ளைத் தறிக்காரர்களின் கைத்திறனுக்குப் பொய் துணை தேவையில்லை. உண்மையான பட்டு என்றால் சில்க் மார்க் லேபிள் கேளுங்கள். காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, விசைத்தறிச் சேலைக்கு அந்தப் பெயரை ஒட்டினால் சட்டப்படியும் தப்பு.

இன்னொரு விஷயம். வாரம் ஒரு சேலையாவது உங்கள் சொந்தக் காசில் வரவழைத்துத் தொட்டுப் பாருங்கள். தொடாத துணியைப் பற்றி வாடிக்கையாளருக்கு நீங்கள் என்ன சொல்ல முடியும்? புகார் வந்தால் அவர் சப்ளையரைத் திட்டமாட்டார், உங்களைத்தான் கேட்பார். குரூப்பில் இருப்பவர்கள் உங்கள் சொந்தக்காரர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும்தானே.

15,000 ரூபாய் கட்டினால் ஆன்லைன் விற்பனை கற்றுத் தந்து 'சீக்ரெட் சப்ளையர் லிஸ்ட்' தருவதாகச் சொல்கிறார்கள். சேரலாமா?

சேராதீர்கள். பெரிய தளங்கள் எல்லாமே விற்பனையாளர் பயிற்சியை இலவசமாக வைத்திருக்கின்றன. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான். சப்ளையர்கள் ரகசியமாக இல்லை, திருப்பூர் காதர்பேட்டையில் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "பணம் வர க்யூ.ஆர். ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

என்னிடம் 10,000 ரூபாய்தான் இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது?
– பெருந்துறை மாணவர்

அந்த 15,000 கேட்பவர்கள் கண்ணில் நீங்கள் படாமல் இருக்க வேண்டும். பத்தாயிரத்தையும் ஒரே லாட்டில் போடாதீர்கள். 4,000-க்கு சரக்கு, 1,000-க்கு கவர், டேப், டேக். மீதி 5,000ஐத் தொடாமல் வையுங்கள். தளத்திலிருந்து பணம் வர நாளாகும், ரிட்டர்னுக்கு முதல் மாதமே பிடித்தம் வரும். அப்போது அதுதான் காப்பாற்றும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஈரோடு ஜவுளிச் சந்தை. திங்கள் இரவு தொடங்கி செவ்வாய்வரை நடக்கும். முதல் வாரம் பணம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். துண்டு, லுங்கி, நைட்டி என்று விலை மட்டும் விசாரித்து நோட்டில் எழுதிவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்து அதே பொருள் ஆன்லைனில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். மேலே தாராபுரம் வாசகிக்குப் போட்ட கணக்கில் உங்கள் எண்களைப் போட்டு, ரிட்டர்ன் போகவும் பீஸுக்கு 30 ரூபாய் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அடுத்த செவ்வாய்க்கிழமை இருபது பீஸ் மட்டும் எடுங்கள். சைஸ் பிரச்சினை இல்லாத துண்டில் ஆரம்பிப்பது உங்களுக்கு நல்லது. பில் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.